பைசாந்திய இசை: பேரரசு போன பிறகும் நின்றது எப்படி, கேட்கவும் கற்கவும் எங்கே தொடங்குவது

கேள்வி சுருக்கமாக இது: கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசு 1453இல் முடிந்துவிட்டது. அதன் தேவாலய இசை மட்டும் இன்றுவரை எப்படிப் பாடப்படுகிறது? அந்த மரபுவழிக் கிறிஸ்தவச் சமயத்தோடு ஒட்டுறவே இல்லாதவர்களையும் அது ஏன் பிடித்துக்கொள்கிறது? கர்நாடக இசை ஓரளவு தெரிந்த ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

இந்த இசைக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். பாட ஒருவர், சுருதி பிடிக்க ஒருவர், ஒரு ஏடு, சொல்லிக்கொடுக்க ஓர் ஆசான். வாத்தியம் கிடையாது. பல குரல்கள் வெவ்வேறு மெட்டில் பின்னிப் போவதும் கிடையாது. பணமும் அரசும் போன பிறகும் இதை நடத்த முடிந்ததற்கு இதுதான் முதல் காரணம். கேட்பவரைக் கட்டிப்போடுவதும் இதே எளிமைதான். ஒற்றைக் குரலும் அதன் கீழே அசையாத ஒரு சுரமும் மட்டும் இருக்கும்போது, சுரம் நூலளவு விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. கான்ஸ்டான்டினோபிள் 330இல் புதிய தலைநகராக அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே ஹாகியா சோஃபியா பேராலயம் 532இல் தொடங்கி 537இல் கட்டி முடிக்கப்பட்டது. செலவு கட்டுக்கு அடங்கவில்லை என்பதால் பேரரசர் ஜஸ்டினியன் 535இல் ஒரு சட்டம் போட்டு, பேராலயத்தின் ஆட்களுக்கு வரம்பு வைத்தார்: குருக்கள் 60, ஆண் திருத்தொண்டர்கள் 100, பெண் திருத்தொண்டர்கள் 40, துணைத் திருத்தொண்டர்கள் 90, வாசகர்கள் 110, பாடகர்கள் 25. இவர்கள் போக வாயில்காப்போர் 100 பேர். குறைத்த பிறகு இருந்த எண்ணிக்கை இது. அந்த 25 பாடகர்களோடு 110 வாசகர்களும் பாட்டில் சேர்ந்துகொள்வார்கள்.

அந்தக் கட்டடத்தின் ஒலியைத் தெரிந்துகொண்டால் இசையின் நடை பாதி புரிந்துவிடும். குவிமாடத்தின் விட்டம் சுமார் 31 மீட்டர், தரையிலிருந்து உச்சி சுமார் 55 மீட்டர், சுவரெல்லாம் பளிங்கு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே பலூன்களை வெடித்து அந்த ஒலியைப் பதிவுசெய்தார்கள். எதிரொலி அடங்கப் பத்து விநாடிக்கும் மேல் ஆகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வேகமாகப் பாடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். பெரிய தாவல்கள் போட்டாலும் முந்தைய சுரம் இன்னும் காற்றில் நிற்பதால் உரசல்தான் மிஞ்சும். பக்கத்துப் பக்கத்துச் சுரமாக ஏறி இறங்கி, ஒரே அசையை நீட்டிப் பாடினால் போன சுரமும் வருகிற சுரமும் கலந்து, ஒற்றைக் குரலே ஒரு கூட்டமாகக் கேட்கும். அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, கப்பெல்லா ரொமானா என்ற அமெரிக்கக் குழு பாடிய பதிவு 2019இல் வெளிவந்தது. ஹெட்ஃபோனில் கேளுங்கள், மெதுவாகப் பாடுவது பக்திக்காக மட்டும் இல்லை என்பது விளங்கும்.

வாத்தியங்கள் பைசாந்தியத்தில் இருந்தன, ஆனால் தேவாலயத்துக்கு வெளியே. காற்றழுத்தத்தில் இயங்கும் ஆர்கன் அரண்மனை விழாக்களிலும் குதிரைப்பந்தய மைதானத்திலும் ஒலித்தது. 757இல் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் ஓர் ஆர்கனை பிராங்கிய மன்னர் பெப்பினுக்குப் பரிசாக அனுப்பினார். பிற்காலத்தில் மேற்கு ஐரோப்பியத் தேவாலயங்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்தக் கருவியை, அனுப்பிவைத்த நகரம் தன் தேவாலயத்துக்குள் விடவே இல்லை. அரண்மனையோடு அந்த இசை போய்விட்டது. நம் கையில் இருப்பது தேவாலயப் பாட்டு.

பாட்டின் கட்டுமானத்துக்கு வருவோம். 6ஆம் நூற்றாண்டில் சிரியாவின் எமேசா (இன்றைய ஹோம்ஸ்) ஊரிலிருந்து பெய்ரூட் வழியாகத் தலைநகருக்கு வந்தவர் ரொமானோஸ். கொன்டாகியோன் என்ற வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஒரு சிறு முகப்புப் பாட்டு, அதன்பின் ஒரே அச்சில் வார்த்த இருபதுக்கு முன்பின்னான கண்ணிகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் மக்கள் சேர்ந்து பாடும் ஒரே அடி. கண்ணிகளின் முதல் எழுத்துகளைக் கோத்தால் பெரும்பாலும் எழுதியவரின் பெயரே வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்தது அகாதிஸ்டோஸ்: கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளுக்கு 24 கண்ணிகள், முழுவதும் நின்றுகொண்டே பாடுவது. 626இல் அவார்களும் பாரசீகர்களும் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதற்கு நன்றியாக அதன் முகப்புப் பாட்டு சேர்ந்தது என்பது மரபு. கிரேக்க ஊர்களில் தவக்காலத்தின் முதல் நான்கு வெள்ளிக்கிழமைகளில் அதை ஆறு ஆறு கண்ணிகளாகப் பாடி, ஐந்தாம் வெள்ளியன்று முழுதாகப் பாடுகிறார்கள்.

அடுத்து வந்த கானோன் என்ற வடிவம்தான் இசையைப் பிழைக்கவைத்த பொறி என்பேன். ஒன்பது பாடல்கள் சேர்ந்தது ஒரு கானோன் (இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்). ஒவ்வொரு பாடலின் தலையிலும் ஹிர்மோஸ் என்ற மாதிரிக் கண்ணி இருக்கும். பின்னால் வரும் கண்ணிகள் எல்லாம் அதே அசை எண்ணிக்கை, அதே அசைகளில் அழுத்தம். ஆகவே மாதிரியின் மெட்டு தெரிந்தால் போதும். எழுத்தை மட்டும் கையில் கொடுத்தால் மீதிக் கண்ணிகளை ஒருவர் அப்படியே பாடிவிடலாம். தமஸ்கு யோவான், கிரேத்தா அந்திரேயா போன்றோர் 8ஆம் நூற்றாண்டில் இதை வளர்த்தார்கள். சில நூறு மாதிரி மெட்டுகளை மனத்தில் வைத்திருக்கும் பாடகர் ஆண்டு முழுவதற்குமான பல்லாயிரம் கண்ணிகளைப் பாடலாம். இதற்கு நூலகம் தேவையில்லை, நினைவு போதும்.

1204இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியது. 1261இல் நகரம் திரும்பக் கிடைத்தாலும், நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து நடத்திய பேராலய முறை பழைய நிலைக்கு வரவில்லை. தெசலோனிக்காவில் மட்டும் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை அதைக் கட்டிக்காத்தார்கள். மற்ற இடங்களில் பாலஸ்தீனத்து மடாலயங்களில் உருவாகி, தலைநகரின் ஸ்டூடியோஸ் மடத்தில் வளர்ந்த முறை நிலைத்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு பாடகர், இடப்பக்கம் ஒரு பாடகர், கூட இரண்டு மூன்று பேர் போதும். 1453 மே 29இல் நகரம் உஸ்மானியத் துருக்கியர் கைக்குப் போனபோது, இசை ஏற்கெனவே சிறிய இடத்தில் வாழப் பழகியிருந்தது. வரலாற்றைப் படிப்பவர்கள் 1453ஐயே பெரிய முறிவாகப் பார்ப்பார்கள். இசையைப் பொறுத்தவரை முறிவு 1204இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு மலர்ச்சியும் நடந்தது. துராஸோவில் (இன்றைய அல்பேனியாவின் துர்ரேஸ்) பிறந்து, கிரேக்கத்தில் மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையின் பெரிய லாவ்ரா மடத்தில் வாழ்ந்த யோவான் குக்குசேலிஸ் அதன் தலைமகன். ஒரு சொல்லையே பத்து நிமிடம் விரிக்கும் அலங்கார நடை அவர் காலத்தில் உருவானது. சொல்லே இல்லாமல் ‘தெ ரி ரெம், தெ நெ னா’ போன்ற அசைகளை வைத்தே பாடும் கிராதிமா என்ற பகுதிகளும் வந்தன. தில்லானாவும் தரானாவும் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. இசைக்குறிகளின் பெயர்களையே பாட்டாக்கி, ஒவ்வொரு பெயரையும் அந்தக் குறியின் அசைவிலேயே பாடவைக்கும் பாடம் ஒன்றையும் குக்குசேலிஸ் செய்திருக்கிறார். நம் சரளி வரிசைக்கு எத்தனை மதிப்போ அத்தனை மதிப்பு அதற்கு உண்டு.

இனி உஸ்மானியர் காலம். பேரரசரின் பாடகராக இருந்த மனுவேல் கிரிசாஃபிஸ் நகரின் வீழ்ச்சிக்குப் பிறகும் இசை எழுதினார், 1458இல் இசை இலக்கணமும் எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் பெலொபொனேசு பெட்ரோஸ் எட்டு வாரச் சுற்றுக்கான பாட்டுகளைத் திருத்தமாக எழுதிவைத்தார். இன்றைய அன்றாடப் பாட்டு பெரும்பாலும் அவர் வழி வந்ததுதான். 1814இல் மதிதோஸ் கிரிசாந்தோஸ், கிரெகோரியோஸ், ஹுர்முஸியோஸ் மூவரும் சேர்ந்து குறியீட்டைச் சீர்திருத்தினார்கள். அதுவரை ஒரு குறிக்குப் பின்னால் எவ்வளவு விரிவு இருக்கிறது என்பதை ஆசான் வாயால்தான் அறிய முடியும். ஒரு மாணவர் தேர்ச்சி பெற ஆண்டுகள் பிடிக்கும். புதிய முறை அந்த விரிவைத் தாளில் எழுதிக் காட்டியது. 1820இல் புக்கரெஸ்டில் முதல் அச்சு நூல் வந்தது. 1823இல் வியன்னாவில் ருமேனிய மொழியில் மக்காரியே அச்சிட்டார். இந்த இசை கிரேக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஸ்லாவிய மொழியிலும் அரபியிலும் ருமேனியனிலும் அதே எட்டு வகைகளில் பாடுகிறார்கள். டமாஸ்கஸ், பெய்ரூட் தேவாலயங்களில் கேட்டால் அது மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே வராது.

அந்த எட்டு வகைகளைத்தான் ஈஹோஸ் என்கிறார்கள். நான்கு முதல்நிலை, நான்கு துணைநிலை. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று. எட்டு வாரத்தில் சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. ஓர் ஈஹோஸ் வெறும் ஆரோகண அவரோகணம் இல்லை. எந்தச் சுரத்தில் நிற்பது, எந்தச் சுரத்தில் வாக்கியத்தை முடிப்பது, எந்தப் பிடிகள் அதற்குரியவை என்பதெல்லாம் சேர்ந்ததே ஈஹோஸ். ராகத்தைப் புரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. காதுக்கு ஒரு பிடிமானமாகத்தான் இனி ராகப் பெயர்களைச் சொல்கிறேன்.

சுரப் பெயர்கள் பா, வூ, கா, தி, கே, ஸோ, நி. இயல்பான வரிசைக்கு ஆதாரம் நி. ஒரு ஸ்தாயியை 72 நுண்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மோரியோன் என்கிறார்கள். 1881இல் கான்ஸ்டான்டினோபிள் பாத்திரியார்க் பீடம் (திருச்சபைத் தலைமை) அமைத்த குழு உறுதிசெய்த கணக்கு இது. கீபோர்டின் ஓர் அரைச்சுரம் 6 மோரியோன். அந்த அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கணக்கிடுவார்கள், அதாவது ஒரு மோரியோன் சுமார் 16.7 சென்ட். இயல்பான வரிசையில் நியிலிருந்து இடைவெளிகள் 12, 10, 8, 12, 12, 10, 8. நியை கீபோர்டின் சி சுரத்தில் வைத்தால் பா, கா, தி, கே நான்கும் கீபோர்டோடு ஒத்துப்போகும். வூவும் ஸோவும் மட்டும் 33 சென்ட் கீழே, அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். போனில் இருக்கும் எந்த டியூனர் செயலியிலும் இதைச் சோதிக்கலாம்: வூ பாடும்போது ஈ சுரத்துக்குக் கீழே 33, ஸோ பாடும்போது பி சுரத்துக்குக் கீழே 33 காட்ட வேண்டும். நியை சட்ஜமாக வைத்தால் இது சங்கராபரணம் போலிருக்கும், ஆனால் காந்தாரமும் நிஷாதமும் சற்றுத் தொங்கும். முதல் ஈஹோஸுக்கு பாதான் ஆதாரம். அங்கிருந்து பார்த்தால் கரஹரப்பிரியாவின் அமைப்பு, ரிஷபமும் தைவதமும் தாழ்ந்து. போதாததற்கு இறங்கும்போது ஸோ இன்னும் கீழே இழுக்கப்பட்டு, கேயிலிருந்து 6 மோரியோன் தூரத்துக்கு வந்துவிடும். ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது ஒரு தைவதம். இந்த இழுப்பைத் தவறவிட்டால் முதல் ஈஹோஸ் உப்புச் சப்பில்லாமல் போகும்.

எனக்கு இந்த இசையின் மிக நுட்பமான இடம் இரண்டு ‘குரோமாட்டிக்’ வரிசைகள்தான். துணை இரண்டாம் ஈஹோஸ் பாவிலிருந்து 6, 20, 4, 12, 6, 20, 4 என்று போகும். சென்ட் கணக்கில் ரிஷபம் 100, காந்தாரம் 433, மத்தியமம் 500. இரண்டாம் ஈஹோஸ் தியிலிருந்து 8, 14, 8, 12, 8, 14, 8. அங்கே ரிஷபம் 133, காந்தாரம் 367, மத்தியமம் 500. கர்நாடகக் காதுக்கு இரண்டுமே முதலில் மாயாமாளவகௌளையாகத்தான் விழும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள். முதலாவதில் காந்தாரம் மத்தியமத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது, ரிஷபம் சட்ஜத்தோடு ஒட்டியிருக்கிறது, நடுவே பெரிய பள்ளம். துக்கமும் மன்றாட்டும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. இரண்டாவதில் ரிஷபம் மேலே வந்து காந்தாரம் கீழே இறங்கிப் பள்ளம் பாதி தூர்ந்துவிடுகிறது, மென்மை வந்துவிடுகிறது. கீபோர்டில் வாசித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கீபோர்டை வைத்துக் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கீபோர்டுக்கு ஓரளவு பொருந்துவது மூன்றாம் ஈஹோஸ் ஒன்றுதான் (காவிலிருந்து 12, 12, 6, 12, 12, 12, 6), ஆகவே மேற்கத்திய இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது எளிதாக வரும். கர்நாடக இசை கற்றவர்களுக்கு வேறொரு பிரச்சினை உண்டு: கமகம் தானாக வந்துவிடும். இங்கேயும் அசைவுகள் இருக்கின்றன, ஆனால் குறி சொன்ன இடத்தில் மட்டும். நீண்ட சுரம் நேராக நிற்க வேண்டும்.

குறியீடு எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு குறியும் ‘முந்தைய சுரத்திலிருந்து எத்தனை படி’ என்று மட்டும் சொல்லும். எந்தச் சுரம் என்று சொல்லாது. ஈஸோன் என்றால் அதே சுரம் மறுபடி. ஒலிகோன் ஒரு படி மேலே. அபோஸ்த்ரோஃபோஸ் ஒரு படி கீழே. எலாஃப்ரோன் இரண்டு படி கீழே. பாவில் தொடங்கி ஈஸோன், ஒலிகோன், ஒலிகோன், அபோஸ்த்ரோஃபோஸ், எலாஃப்ரோன், ஒலிகோன் என்று எழுதியிருந்தால் பாட வேண்டியது: பா, வூ, கா, வூ, நி, பா. இதில் எலாஃப்ரோனை அபோஸ்த்ரோஃபோஸ் என்று தப்பாகப் படித்தால் நிக்குப் பதில் பா வரும், கடைசிச் சுரம் வூவாகிவிடும். அதன்பின் பாட்டு முழுக்க ஒரு படி மேலேயே ஓடும். ஒரே பிழை மொத்தத்தையும் தள்ளிவிடுவதால்தான் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மர்த்திரியா என்ற சாட்சிக் குறி வைக்கிறார்கள். ‘இங்கே நீ பாவில் நிற்க வேண்டும்’ என்று அது சொல்லும். தொடக்கநிலையில் ஒவ்வொரு சாட்சிக் குறியிலும் நின்று, ஆதார சுரத்தைப் பாடி ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டுகிறவர்கள் பக்கத்தின் கடைசியில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கால அளவும் குறியிலேயே இருக்கிறது. ஒரு குறிக்கு ஒரு தட்டு. மேலே கிளாஸ்மா இருந்தால் ஒரு தட்டு கூடும். கோர்கோன் இருந்தால் அந்தச் சுரமும் அதற்கு முந்தையதும் ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்ளும். பலர் கோர்கோன் போட்ட சுரத்தை மட்டும் பாதியாக்கி, முந்தையதை முழுத் தட்டாக விட்டுவிடுகிறார்கள். தாளம் அரைத் தட்டு வழுக்கிவிடும். இன்னொரு பொறி கென்டிமாத்தா, இரண்டு சிறு புள்ளிகள். ஒலிகோனைப் போலவே ஒரு படி மேலே, ஆனால் புதிய அசையை அதில் தொடங்கக் கூடாது. முந்தைய அசையின் நீட்சியாகவே பாட வேண்டும். இந்த விதியை மறந்தால் சொற்கள் எல்லாம் ஓரிடம் தள்ளி விழும்.

படிக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கையால் தட்டிக்கொண்டே சுரப் பெயர்களில் பாடுவது. இதற்கு பரலாகி என்று பெயர். அது தடுமாறாமல் வந்த பிறகு ஓர் உயிரெழுத்தில் மெட்டு மட்டும். அதன் பிறகே சொற்கள். முதல் படியைச் சுருக்கி நேரே சொற்களுக்குப் போகிறவர்கள் ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்களாக நின்றுவிடுவார்கள். அடுத்த பாட்டுக்கு மறுபடி ஒலிப்பதிவு வேண்டும். முதல் பாட்டாக உயிர்ப்புப் பெருவிழாவின் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ நல்லது: துணை முதல் ஈஹோஸ், சில வரிகள்தான், ஏராளமான ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. பிறகு மாலை வழிபாட்டின் திருப்பாடல் 141ஐ (கிரேக்க எண்ணிக்கையில் 140) முதல் ஈஹோஸில். இந்த ஒரே திருப்பாடல் எட்டு ஈஹோஸிலும் எழுதப்பட்டிருக்கிறது; எட்டையும் வரிசையாகக் கற்றால், சொல் மாறாமல் பண் மட்டும் மாறுவது நன்றாகப் பிடிபடும்.

சுருதி பிடிப்பதற்கும் ஈஸோன் என்றே பெயர். இது தம்பூராவைப் போல ஒரே சுரத்தில் நிற்பதில்லை. மெட்டு பாவை விட்டு தியைச் சுற்றி ஓடத் தொடங்கினால் ஈஸோனும் தி சுரத்துக்கு மாறும். மெட்டு இறங்கி வந்து முடிக்கும்போது பாவுக்குத் திரும்பும். செயலியில் ஒரு சுரத்தை ஓடவிட்டுப் பயிற்சி செய்யலாம், ஆனால் மெட்டு இடம் மாறும்போது அது பாடகரை எதிர்த்து இழுக்கும். ஈஸோன் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுத்து முடித்த பிறகு அடுத்தவர். குரல் நடுங்கக் கூடாது, பாடகரின் குரலுக்கு மேலே எழக் கூடாது. நல்ல ஈஸோனை யாரும் கவனிக்கமாட்டார்கள்; அது நின்ற கணத்தில்தான் இவ்வளவு நேரம் அது இருந்தது தெரியும்.

இந்த இசையைப் பற்றி இரண்டு உரத்த கருத்துகள் உலவுகின்றன. ‘இது மாறாமல் வந்த பண்டைய இசை’ என்பது ஒன்று. ‘இது துருக்கிய இசைதான்’ என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. சுரங்களைத் துல்லியமாகப் படிக்கக்கூடிய குறியீடு 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் கிடைக்கிறது. ரொமானோஸின் சொற்கள் நம்மிடம் உள்ளன, அவர் போட்ட மெட்டு இல்லை. ஆகவே ‘6ஆம் நூற்றாண்டு இசை’ என்று விற்கப்படும் ஒலிப்பதிவை நம்ப வேண்டாம். மறுபக்கம், ஒரே நகரத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த பாடகர்கள் துருக்கியரின் மகாம் இசையும் அறிந்திருந்தார்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஆனால் எட்டு ஈஹோஸ் முறையும், குறியீடும், பாட்டின் வடிவங்களும் உஸ்மானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுத்தில் இருக்கின்றன. உண்மையில் இந்த இசைக்குப் பெரிய சேதம் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஏதென்ஸில்தான் வந்தது: நாகரிகம் என்ற பெயரில் நான்கு குரல் ஒத்திசையைச் சேர்த்து, நுண்சுரங்களைக் கீபோர்டு சுரங்களாக மட்டமாக்கினார்கள். சீமோன் கராஸும் அவர் மாணவர் லிகூர்கோஸ் அங்கெலோபூலோஸும் 20ஆம் நூற்றாண்டில் பழைய கையெழுத்துப் படிகளுக்குத் திரும்பிப் போனது அதற்கு எதிர்வினை. அவர்கள் முடிவுகளை ஏற்காத பாடகர்களும் இருக்கிறார்கள். ஆசானிடமிருந்து காதால் வந்ததை ஏட்டைக் காட்டித் திருத்தலாமா என்பது அந்தச் சண்டை. எழுத்து பாதி, வாய்மொழி பாதியாக வந்த இசையில் இது தீராது. தீராமல் இருப்பது அந்த இசைக்கு நல்லது என்றே நினைக்கிறேன். இரு தரப்பும் அக்கறையோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கிரேக்கமும் சைப்ரஸும் சேர்ந்தே விண்ணப்பித்திருந்தன.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். 1977இல் அங்கெலோபூலோஸ் தொடங்கிய கிரேக்க பைசாந்தியப் பாடகர் குழுவின் பதிவுகளில் தொடங்குங்கள். ஈஸோன் தெளிவாகக் கேட்கும். பிறகு கான்ஸ்டான்டினோபிள் தலைமைப் பாடகராக இருந்த திராசிவூலோஸ் ஸ்தானித்சாஸ். தனிக்குரலின் வீச்சுக்கு அவர்தான். அவருக்கும் முந்திய இயாகோவோஸ் நஃப்பிலியோதிஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டுகளில் பாடியிருக்கிறார்; கரகரப்பைப் பொறுத்துக்கொண்டால் நுண்சுரங்களின் சுத்தம் வியக்கவைக்கும். அரபு வழிக்கு லெபனானின் சகோதரி மாரி கெய்ரூஸ். மேற்கத்திய அரங்கில் இந்த இசையின் நிழலைத் தேடினால் ஆங்கிலேயர் ஜான் டாவனர். 1977இல் மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர், அவர் எழுதிய ஒரு பாட்டு 1997இல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பாடப்பட்டது. அசையாத அடிச்சுரத்தின் மேல் மெட்டு நகர்வதை அதில் உடனே கண்டுகொள்வீர்கள்.

நேரில் கேட்க ஒரே ஒரு மாலை கிடைக்குமென்றால் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வாழ்ந்த காசியானி என்ற துறவி, பாவியான ஒரு பெண்ணின் குரலில் எழுதிய பாட்டு அன்றுதான் பாடப்படும். அன்றாடம் தேவாலயத்துக்குப் போகாதவர்களும் அதற்காக வருவார்கள். துணை நான்காம் ஈஹோஸ், ஆதாரம் நி. குரல் பாதாளம் போலக் கீழே இறங்கும் இடமும், கண்ணீரைச் சொல்லும் அடியில் மேலே ஏறும் இடமும் பாடகருக்குப் பெரிய சோதனை; ஆகவே அதைத் தலைமைப் பாடகரே பாடுவது வழக்கம். அவர்களுடைய ஈஸ்டர் நாள் பல ஆண்டுகளில் மேற்கத்தியத் திருச்சபைகளின் நாளோடு ஒத்துப்போகாது, தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பாடகர் மேடைக்கு அருகில், சுவரை ஒட்டி நில்லுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாடுவதும், ஈஸோன் எந்த இடத்தில் சுரம் மாறுகிறது என்பதும் அங்கிருந்து நன்றாகக் கேட்கும். கைதட்டக் கூடாது. பாட்டு முடிந்ததும் வழிபாடு நிற்காமல் தொடரும்.